பினாங்குக்குப் போங்கள், கார் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீண்ட வார இறுதி வந்தால் போதும், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து நாலைந்து கூட்டாளிகள் ஒரே காரில் ஏறிப் பினாங்குக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பகலில் ஊர் சுற்றல், இரவில் பப், மறுநாள் வீடு. பெற்றோர் "போகாதே" என்கிறார்கள். பிள்ளைகள் போகத்தான் செய்கிறார்கள். 21 வயது நிறைந்தவரைத் தடுத்து நிறுத்த யாராலும் முடியாது. (2017 டிசம்பரிலிருந்து மலேசியாவில் மது வாங்கும் வயது 18 இல்லை, 21. கூட்டத்தில் 19 வயதுத் தம்பி இருந்தால் அவனுக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள்.) ஆகவே பெற்றோர் கேட்க வேண்டியது, "எதில் போகிறாய், எதில் திரும்புகிறாய்?" என்பதே. ரயிலில் என்று பதில் வந்தால் பாதிக் கவலை தீரும்.

சனிக்கிழமை இரவு யாரும் கார் ஓட்டுவதில்லை, கிராப் வாடகைக் கார் பிடித்துத்தான் அறைக்குத் திரும்புகிறார்கள். ஆபத்து இருப்பது ஞாயிற்றுக்கிழமை காலை காரில் வீடு திரும்பும்போது. கணக்கைப் பாருங்கள். பப்புகளில் மேசைமேல் வைக்கும் டவர், அதாவது உயரமான பியர் கலம், ஒன்று பெரும்பாலும் 3 லிட்டர். 5 விழுக்காடு பியரில் அது ஏறக்குறைய 118 கிராம் சுத்த ஆல்கஹால். நாலு பேர் இரவு 9 மணியிலிருந்து 1 மணிவரை மூன்று டவர் முடித்தால் தலைக்கு 89 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு 1 மணிக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 158 மில்லிகிராம் இருக்கும். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கரைக்கும். அப்படியென்றால் காலை 8 மணிக்கும் அவர் 50-க்குக் கீழே வந்திருக்க மாட்டார்; முழுதாகத் தெளிய 11 மணி தாண்டும். பெண்களுக்கு, அதே எடையானாலும், இன்னும் கூடுதலாக இருக்கும். குளியல், கட்டங்கோப்பி, எலுமிச்சைச் சாறு எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. தூக்கம் கலையும், போதை இறங்காது.

சட்டத்தின் எல்லையும் அதே 50 மில்லிகிராம்தான். 2020 அக்டோபர் வரை அது 80 ஆக இருந்தது. 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராமாக இருந்தது 22 ஆனது. முதல் முறை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை, குறைந்தது இரண்டு ஆண்டு லைசென்ஸ் பறிப்பு. போதையில் ஓட்டி உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டு சிறை. தோட்டத்துப் பையனுக்கு லைசென்ஸ் போனால் வேலையும் சேர்ந்து போகும். அதற்கு மேல், திரும்பும் வழியில் சங்காட் ஜெரிங்கிலிருந்து கோலகங்சார்வரை மலைப்பாதை, பக்கத்தில் லாரிகள், தூக்கம் போதாத கண்கள்.

ரயிலில் போவது கடினமில்லை. சுங்கை சிப்புட் நிலையத்தில் இடிஎஸ் மின்சார ரயில் நிற்கிறது, ஆனால் எல்லா ரயிலும் நிற்பதில்லை. நேரப் பட்டியலைப் பார்த்து, திரும்பும் டிக்கெட்டை முதலில் வாங்குங்கள். ஞாயிறு மாலை இருக்கைகள்தான் முதலில் தீரும். தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து பினாங்கு சென்ட்ரல் போக்குவரத்து முனையம் வழியாக ஃபெர்ரி முனையத்துக்கு நடந்தே போகலாம். 2021 முதல் ஃபெர்ரியில் கார் ஏற்றுவதில்லை. ஆள், சைக்கிள், மோட்டார் மட்டும். மோட்டாரை ஏற்றலாம் என்பதற்காக மோட்டாரில் கிளம்பிவிடாதீர்கள், மேலே சொன்ன கணக்கு அதற்கும் பொருந்தும்.

காசு மிச்சம் என்று பட்டர்வொர்த்தில் அறை எடுப்பது பலரும் செய்யும் தவறு. பப் மூடுவதற்கு முன்பே கடைசி ஃபெர்ரி போய்விடும். நள்ளிரவில் பாலம் தாண்டிவர கிராப் கேட்கும் தொகையில் மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். தீவிலுள்ள ஜோர்ஜ்டவுனிலேயே, பப்புகள் உள்ள சூலியா ஸ்திரீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி எடுங்கள். நடந்து திரும்பலாம், பாட்டுச் சத்தமும் அறைக்குள் வராது. 10 வெள்ளி சுற்றுலா வரி மலேசியருக்குக் கிடையாது. பில்லில் சேர்த்திருந்தால் மைகார்டை (அடையாள அட்டையை) காட்டி நீக்கச் சொல்லுங்கள்.

சுற்றிப் பார்ப்பதில் ஏறும் இடமெல்லாம் சனிக்கிழமை, நடக்கும் இடமெல்லாம் ஞாயிறு என்று வைத்துக்கொள்வது நல்லது. கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) 204-ஆம் எண் பஸ் போகிறது. சில்லறை சரியாக வைத்திருங்கள், பாக்கி தர மாட்டார்கள். அங்கே மேலே ஏற்றிச் செல்வது 1923-இல் தொடங்கிய மலை ரயில். மைகார்டு இருந்தால் கட்டணம் குறைவு, ஆனால் வார இறுதியில் வரிசை நீளம். பிற்பகலில் மழைமேகம் சூழ்ந்தால் மேலே ஒன்றும் தெரியாது, ஆகவே முற்பகலிலேயே போய்விடுங்கள். தண்ணீர்மலை முருகனைப் பார்ப்பதானாலும் சனிக்கிழமைதான். முதல் நாள் குடித்த உடம்போடு 513 படி ஏறுவது உடம்புக்கும் ஆகாது, சந்நிதிக்கும் அழகில்லை. ஒரே பகலில் இரண்டு மலையும் வேண்டாம், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஞாயிறு காலை பசியாறிவிட்டு நிதானமாக நடங்கள். குவீன் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், ஆர்மீனியன் ஸ்திரீட்டில் 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியம், கடலோரம் நீர்மேல் வீடுகள் நிற்கும் சியூ ஜெட்டி. எல்லாம் நடக்கும் தூரம்தான். ஜோர்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்தத் தெருக்களுக்காகத்தான். பப் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பப் விஷயத்தில் சில செய்திகள். விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அரசாங்கச் சேவை வரியும் மேலே வரும். 200 வெள்ளி என்று நினைத்தது 230-ஐத் தாண்டும். மலிவு நேரம் எத்தனை மணியோடு முடிகிறது என்று உட்காரும்போதே கேளுங்கள். நாசி கண்டாரோ ரொட்டியோ வயிறாரச் சாப்பிட்டபின் போங்கள், வெறும் வயிற்றில் போதை வேகமாக ஏறும். டவரும் ஆளுக்கொரு ரவுண்டும் வேண்டாம் என்பேன். டவரில் யார் எவ்வளவு குடித்தார் என்பதே தெரியாது; ரவுண்டு முறையில் மெதுவாகக் குடிப்பவரும் வேகமாகக் குடிப்பவரின் வேகத்துக்கு இழுபடுவார். அவரவருக்குச் சின்னப் போத்தல், நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர். குடிக்காத நண்பருக்குத் தனிப் பில் போடுங்கள். அவரிடம் சமபங்கு வாங்குவது நியாயமில்லை.

பப் விலை கட்டாது என்று, வரி முத்திரை இல்லாத மலிவுப் போத்தலை வாங்கி அறையில் குடிப்பதுதான் எல்லாவற்றிலும் கொடியது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்த மதுவால் பலர் மாண்டார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். அறிகுறி பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி நேரம் கழித்தே தெரியும் என்பதால் சாதாரணத் தலைவலி என்று படுத்துவிடுகிறார்கள். பார்வை மங்கினாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குடித்த போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள்.

கேடிஎம் ரயில் நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. ஞாயிறு மாலை பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே வரும் ரயில்களில் இன்னும் சில, சுங்கை சிப்புட் போன்ற சிறு நிலையங்களில் நின்று போகட்டும். இருக்கை உறுதியாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் எங்கள் பிள்ளைகள் கார் சாவியைக் கையில் எடுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்