மாண்ட்ரியலிலிருந்து பெரியப்பாவுக்கு

மாண்ட்ரியல், கனடா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். பெரியம்மாவும் வீட்டில் உள்ள அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நானும் நண்பரும் சேர்ந்து வெளியிட்ட பாடல் ஆல்பத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "நம் ஊர் மாரண்டஹள்ளியைப் பற்றி ஒரு பாட்டுகூட இல்லையே" என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வராததால் இதை எழுதுகிறேன்.

ஊரை விட்டு வந்தவன் ஊரை நினைத்துப் பாடுவது வழக்கம்தான். ஆனால் அது வேண்டாம் என்று நாங்கள் தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். நண்பரும் இந்த நகரத்துக்குப் பிழைக்க வந்தவரே. புதிதாக வந்தவனின் காதுக்கு மட்டும் எட்டும் ஒலிகள் எந்த நகரத்திலும் உண்டு. சில ஆண்டுகளில் அவை பழகிப்போய்க் கேட்காமலே போய்விடும். அதற்குள் அவற்றைப் பாட்டாக்கிவிட வேண்டும் என்று இருவருமே விரும்பினோம்.

முதல் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் மூன்று சுரங்கள் இங்குள்ள மெட்ரோ ரயிலுடையவை. 1966 இல் தொடங்கிய இந்த ரயில் முழுக்க முழுக்கத் தரைக்கு அடியில், ரப்பர் டயர்களில் ஓடுகிறது. 1970களில் வந்த பெட்டிகளில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை முறைப்படுத்தும் கருவி வண்டி புறப்படும்போது தானாகவே மூன்று சுரங்களை எழுப்பும். யாரும் திட்டமிட்டு அமைத்ததில்லை. அந்த ஒலி நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டதால், புதிய பெட்டிகளில் கதவு மூடுவதற்கான அறிவிப்பாக அதையே வைத்திருக்கிறார்கள். நண்பர் அதைக் கிட்டாரில் எடுத்தார். நான்காவது சுரம் எங்களுடையது.

மூன்றாவது பாட்டில் உங்களுக்குப் பிடிக்காமல் போன அலறல், பனிக்காலத்து இரவில் கேட்கும் சைரன். தெருவில் குவிந்த பனியை அள்ள வரும் இயந்திரங்களுக்கு முன்னால் ஒரு வண்டி சைரன் ஒலித்தபடி மெதுவாக வரும். தெருவில் நிறுத்திய காரை எடுக்காதவர்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவார்கள். அதை இனிமையாக்கினால் பொய்யாகிவிடும் என்பதால் அப்படியே விட்டோம்.

இரண்டே பேர் எப்படி ஒரு ராக் இசைக்குழு ஆக முடியும் என்றும் கேட்டிருந்தீர்கள். நான் டிரம்ஸ், அவர் கிட்டார். கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிட்டாருக்கு ஆள் இல்லை. அவர் கிட்டாரின் ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அப்படியே ஒரு ஒலிபெருக்கிப் பெட்டிக்கும், மற்றொன்றைக் கால் பெடலால் ஒரு ஸ்தாயி இறக்கி இன்னொரு பெட்டிக்கும் அனுப்புகிறார். பித்தளைப் பம்பையையும் மரப் பம்பையையும் ஒன்றாகக் கட்டி, மாரியம்மன் பண்டிகையில் நீங்கள் ஒருவரே இரண்டு குரல் எழுப்புவதைப் போன்றதுதான் இதுவும்.

உங்களை நேரில் அழைத்துப்போய்க் காட்ட நான் ஆசைப்படும் இடம் ஒன்று உண்டு. கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில், மவுண்ட் ராயல் மலையடிவாரத்துச் சிலையைச் சுற்றிப் பலர் கூடி, கையில் கிடைத்த தோல்கருவியை எல்லாம் மணிக்கணக்கில் வாசிக்கிறார்கள். தலைவர் என்று யாரும் இல்லை. தாளம் எங்கோ தொடங்கிப் பரவுகிறது. அதைப் பதிவு செய்து சேர்க்கலாம் என்றார் நண்பர். வாசிப்பவர்களைக் கேட்காமல் எடுப்பது முறையல்ல என்று நான் மறுத்துவிட்டு, நினைவில் நின்றதை என் டிரம்ஸிலேயே வாசித்தேன்.

கடைசிப் பாட்டு வீடு மாறுவதைப் பற்றியது. இங்கே பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30 அன்று முடிவதால், ஜூலை 1 அன்று ஊரில் பாதியே வீடு மாறுவதைப்போல் இருக்கும். பழைய வீடுகளுக்குப் படிக்கட்டு வெளிப்புறத்தில்தான். இரும்பாலான அந்தக் குறுகலான படிகளில், வளைவில் சிக்கிக்கொண்ட ஒரு மெத்தையை இருவர் தலைக்குமேல் தூக்கியபடி, ஆளுக்கொரு மொழியில் வழி சொல்லிக்கொண்டே இறக்கியதைப் பார்த்தேன். அவர்களில் ஒருவர் தமிழர். அதனால்தான் அந்தப் பாட்டில் நான்கு வரிகள் தமிழில் வருகின்றன. ஊர் நினைவுக்காகச் சேர்த்தவை அல்ல.

ஒரு வேண்டுகோள். கைப்பேசியில் கேட்டால் கீழ்ஸ்தாயி காதில் விழவே விழாது. தம்பியிடம் சொல்லி, கூத்துக்கு வைக்கும் பெரிய ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். என் தாளம் எங்கே ஓடுகிறது, எங்கே இழுக்கிறது என்பதைத் தயங்காமல் எழுதுங்கள். அடுத்த பாட்டின் பதிவைத் தொடங்கும் முன் உங்கள் பதில் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்