எங்கள் குழுவின் மூன்று வார உழைப்பைத் திருப்பித் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இதே விஷயத்துக்காக நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்குக்கும் "உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது" என்று பதில் வந்தது. எதுவும் முடியவில்லை.

இணையவழிப் படிப்பு ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் ஒரு குழு. நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஒருவர் தூங்கப் போகிற நேரத்தில்தான் இன்னொருவருக்குப் பொழுது விடியும். சேர்ந்து உட்கார வழியில்லாததால்தான் உங்கள் பகிர்வு ஆவணத்தை நம்பி இறங்கினோம். மூன்று வாரத்தில் 26 பக்கம் எழுதியிருந்தோம். எங்களில் ஒருவர் பயணத்தில் இருந்தபோது ஆஃப்லைனில் இரண்டு பத்திகளைத் திருத்தினார். இணைப்பு கிடைத்ததும் அவர் கணினியில் இருந்த பழைய 9 பக்கப் பிரதியை உங்கள் சிங்க் (கணினியில் இருப்பதையும் இணையத்தில் இருப்பதையும் ஒன்றாக்கும் வசதி) அந்த 26 பக்கத்தின் மேலே அப்படியே ஏற்றிவிட்டது. மாறிய பத்திகளை மட்டும் சேர்ப்பதுதானே சிங்க்? பதிப்பு வரலாற்றிலும் அந்த நிமிடத்துக்கு முந்தையது எதுவும் இல்லை. இது எதனால் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் மென்பொருள்தானே.

சரி, தவறு எங்கும் நடக்கும். நான் சாட்டில் வந்தேன். 1 மணி 40 நிமிடம் காத்திருந்த பிறகு வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "உங்க குழுவுல யாரோ அழிச்சிருப்பாங்க, முதல்ல அவங்களைக் கேளுங்க. குழுச் சண்டைக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல." எங்களுக்குள் அதுவரை எந்தச் சண்டையும் இல்லை! அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம்தான் வந்தது. செயல்பாட்டுப் பதிவில் 3.12 என்று ஒரு நேரம் இருந்தது. அது யாருடைய ஊர் நேரம் என்று உங்கள் பக்கம் சொல்வதில்லை. அதை வைத்து நாங்கள் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டோம். தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்ன தோழியை நானே நம்பவில்லை. இப்போது அவர் என்னிடம் பேசுவதில்லை.

அதே நபர்தான் "ஒரு நகல் எடுத்து அதில் வேலையைத் தொடருங்க" என்றார். எடுத்தேன். நாங்கள் தனித்தனியாகக் கணினியில் வைத்திருந்த துண்டுகளை எல்லோரும் எனக்கு அனுப்ப, ஒட்டி முடித்தேன். பங்களிப்பு அறிக்கை இப்போது என்னுடையது 94 சதவீதம் என்கிறது. எல்லா அட்டவணைகளையும் போட்டவருக்குப் பூஜ்யம். எங்கள் ஆசிரியர் தனிநபர் மதிப்பெண்ணுக்கு அந்த அறிக்கையைத்தான் பார்க்கிறார். "குழு வேலையை எளிதாக்கும்" என்று முகப்பில் போட்டிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். விக்கிப்பீடியாவை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், ஆனாலும் யார் எப்போது எதை மாற்றினார் என்று பக்க வரலாற்றில் பார்க்க முடிகிறது. ஐந்து பேர் எழுதும் ஓர் ஆவணத்துக்கு உங்களால் அது முடியாதா?

இந்தப் படிப்பே எங்களுக்குப் பாழாகிவிட்டது என்றுதான் சொல்வேன்.

தயவுசெய்து இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் சர்வரின் காப்புப் பிரதியிலிருந்து சிங்குக்கு முந்தைய ஆவணத்தை, எழுதியவர்களின் பெயர்களோடு மீட்டுத் தாருங்கள். நடந்தது மென்பொருள் கோளாறு, மாணவர் யாரும் அழிக்கவில்லை என்று எங்கள் ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். ஏழு நாளில் பதில் வராவிட்டால் எல்லா உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு எங்கள் கல்வி நிறுவனத்தின் நிர்வாகத்துக்கும் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்கும் எழுதுவேன். அந்த நிலைக்குப் போக எனக்கு விருப்பமில்லை. இதை அக்கறையோடு படிக்கும் ஒருவர் உங்களிடம் இருப்பார் என்று இன்னமும் நம்புகிறேன்.

பிரௌசர் கேஷை அழித்துப் பாருங்கள் என்று மட்டும் பதில் எழுதவேண்டாம். ஆறு முறை அழித்தாயிற்று.

இப்படிக்கு,
குழு ஒருங்கிணைப்பாளர்