ஒட்டகச்சிவிங்கிக்குத் தழை வேண்டும்: உயிரியல் பூங்கா நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒட்டகச்சிவிங்கி வளர்க்கும் இந்திய உயிரியல் பூங்காக்களின் இயக்குநர்களுக்கும், மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கும் வணக்கம்.

ஒட்டகச்சிவிங்கிகளின் தீவனப் பட்டியலை மாற்றி எழுதும்படி கேட்டுக்கொள்ளவே இந்த மடல். நான்கு அறை வயிறு இருக்கிறது, அசை போடுகிறது, ஆகவே மாட்டுக்குப் போடுவதையே போட்டால் போதும் என்ற நினைப்புதான் பல கோளாறுகளுக்கு வேர். மாடு தரையில் மேயும். ஒட்டகச்சிவிங்கி மரத்தில் தழை தின்னும். ஆப்பிரிக்கச் சமவெளியில் அது விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வேலமரங்களில்தான் கழிகிறது. சுமார் 45 செ.மீ. நீளமுள்ள கருநிற நாக்கை முட்களுக்கு நடுவே விட்டு, கிளையை வளைத்து இழுத்து, இலையை உருவி எடுக்கும்.

அந்த வேலை இல்லாத நாக்கு கம்பியை நக்கும், சுவரை நக்கும், வெறும் காற்றில் சுழலும். 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒட்டகச்சிவிங்கிகளும் அவற்றின் நெருங்கிய உறவு விலங்கான ஒகாபிகளுமாகக் கணக்கெடுத்த பூங்கா விலங்குகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு, நக்குவது, ஒரே தடத்தில் நடப்பது போன்ற ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தன. பார்வையாளர்கள் இதை விளையாட்டு என்று ரசிக்கிறார்கள். தாது உப்புக்கட்டி தொங்கவிட்டால் மட்டும் இது தீராது.

அடர்தீவனத்தைக் கூட்டினால் வேறு தொல்லை. சோள மாவும் தவிடும் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும். குளம்பில் அழற்சி வரும், குளம்பு கோணலாக வளரும். கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். மொத்தத் தீவனத்தில் இரண்டு பங்கு கால்சியத்துக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் என்ற அளவு குலைந்தால் சிறுநீர்க் கல் உண்டாகும். ஆணுக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது என்பதால் அடைப்பு உயிரையே வாங்கிவிடும். சரி, வெறும் காய்ந்த புல்லைப் போட்டால்? உடலில் சேர்ந்த கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வெளியே எதுவும் தெரியாது. ஒரு குளிர் இரவுக்குப் பின் விலங்கு இறந்து கிடக்கும். பிரேதப் பரிசோதனையில் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சுற்றிய கொழுப்பு கூழாகியிருக்கும். எடை மேடையில் மாதாமாதம் ஏற்றி எழுதிவைத்தால் இதை முன்கூட்டியே பிடிக்கலாம்.

800 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ உலர்பொருள் (நீரைக் கழித்த தீவன எடை) வேண்டும். பச்சைத் தழையில் மூன்றில் இரண்டு பங்கு நீர்தான். ஆகவே தழையாக மட்டும் கொடுத்தால் 30 கிலோ இலை, கிளையின் கட்டை எடை தனி. அவ்வளவு கிடைக்காத ஊரில் இலை உதிராமல் உலர்த்திய குதிரைமசாலை அடிப்படையாக வைத்து, ஆல், அரசு, அத்தி, பலா, அகத்தி, வெள்வேல் கிளைகளை அன்றாடம் சேர்க்கலாம். சவுண்டல் மட்டுமே போடக் கூடாது. அதிலுள்ள மைமோசின் நஞ்சாகும். சீமைக்கருவேல் எங்கும் கிடைக்கிறதே என்று அதன் நெற்றைக் கொட்டாதீர்கள். நெற்றையே தின்னும் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தாடையை இயக்கும் நரம்பு கெட்டுப்போகிறது. நாக்கையும் தாடையையும் நம்பி வாழும் இந்த விலங்கிடம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். சாலையோரம் வெட்டிய கிளைகளில் அரளி கலந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பாருங்கள்.

கிளைகளை 2 மீட்டரிலிருந்து 4.5 மீட்டர் வரை வெவ்வேறு உயரங்களில் கட்டுங்கள். கயிற்றுச் சுருக்கு வேண்டாம், கழுத்தோ காலோ மாட்டிக்கொள்ளும். உலர்தீவனத்தை நாக்கு மட்டும் நுழையும் துளையுள்ள கூடைகளில் வையுங்கள். இரவுதான் அதிகம் கவனிக்கப்படாத நேரம். ஒட்டகச்சிவிங்கி சில மணி நேரமே தூங்கும். தலையைப் பின்னால் மடித்துத் தொடையில் சாய்த்து உறங்கும் ஆழ்ந்த தூக்கம் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான். மாலை 5 மணிக்கு அடைத்துக் காலை 8 மணிக்குத் திறந்தால், கூடை காலியாக இருக்கும் கொட்டடியில் 15 மணி நேரம் அது என்ன செய்யும்?

கொட்டடித் தரையையும் பாருங்கள். நனைந்த வழுவழுப்பான சிமெண்ட்டில் கால்கள் அகன்று விழுந்தால் தொடைத் தசை கிழிந்து, பெரும்பாலும் எழாது. தரையில் வரி போடுங்கள், படுக்கும் இடத்தில் மணல் பரப்புங்கள்.

அடுத்த தீவன ஒப்பந்தப்புள்ளியில் 'பசுந்தீவனம்' என்ற ஒரே வரியில் புல்லையும் தழையையும் சேர்க்காதீர்கள். இலையோடு கூடிய கிளைக்குத் தனி வரி வேண்டும்: எந்த மரம், ஒரு விலங்குக்கு எத்தனை கிலோ, வெட்டி எத்தனை மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று எழுதுங்கள். மாலையில் ஒரு கட்டு வர வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒட்டகச்சிவிங்கிப் பராமரிப்பில் உள்ள கால்நடை மருத்துவர்களும் காப்பாளர்களும்