முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா?

செம்பூர், மும்பை
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள ஜெயா,

நாங்கள் நலம். உன் நலத்தை உன் தங்கை மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். தினம் காலையில் வாட்ஸப்பில் பூவும் முருகனும் அனுப்புகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். இவ்வளவையும் போனில் அடித்தால் என் கட்டைவிரல் கழன்றுவிடும். பேசலாம் என்றால் உங்கள் அண்ணாச்சி பக்கத்து நாற்காலியை விட்டு அசைய மாட்டேன் என்கிறார்கள். இப்போதுதான் தூங்கப் போயிருக்கிறார்கள். நாலு மணி வரைக்கும் எனக்குச் சுதந்திரம்.

விஷயம் இதுதான். மகன் கதிர் எங்களைக் கப்பலில் கூட்டிப் போகிறான். அத்தானுக்கு, அதுதான் உங்கள் அண்ணாச்சிக்கு, எழுபது முடிகிறதே, திருக்கடையூரில் பீமரத சாந்தி பண்ணிவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் காதில் வாங்காமல் கப்பலுக்கு டிக்கெட் போட்டுவிட்டான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுச் சிங்கப்பூரிலேயே இறங்கணும். நாலு ராத்திரி. பல்லார்ட் எஸ்டேட் ஆபீஸ் மாடியில் நின்று துறைமுகத்துக் கப்பலைப் பார்த்து நீ என்ன சொல்வாய், ஞாபகம் இருக்கிறதா? அதே வாயால் இப்போது வாழ்த்தணும்.

இதில் சந்தோஷப்படாமல் என்ன புலம்பல் என்கிறாயா? கதிர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறான். ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று அதில் கேட்டிருக்கிறது. புதன்கிழமைக்குள் சொல்லணுமாம். இந்த ஒரு கேள்வியால் எங்கள் வீட்டில் மூன்று நாளாகக் குருக்ஷேத்திரம்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கப்பலின் பெரிய டைனிங் ஹாலில் எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்க இடம் போதாது. அதனால் நம் கல்யாண வீடு மாதிரி இரண்டு பந்தி. முதல் பந்தி சாயங்காலம் 5.30, இரண்டாவது ராத்திரி 8. எந்தப் பந்தி என்று சொல்லிவிட்டால் கடைசி நாள் வரைக்கும் அதே நேரம், அதே மேஜை, அதே நாற்காலி, பரிமாறுகிறவரும் அதே ஆள். இது வேண்டாம் என்றால் இன்னொரு வகை இருக்கிறது: ஹால் திறந்திருக்கும் நேரத்தில் எப்போது பசிக்கிறதோ அப்போது போகலாம், காலியாக இருக்கும் மேஜையில் உட்காரலாம். நார்வீஜியன் என்கிற கம்பெனி 2000இல் இதை ஃப்ரீஸ்டைல் என்று பெயர் வைத்து ஆரம்பித்ததாம். அப்புறம் ஒவ்வொருத்தராக வேறு வேறு பெயரில் இதே மாதிரி கொண்டுவந்துவிட்டார்கள். டிஸ்னி கப்பலில் இன்னும் வேடிக்கை, தினம் ஒரு ஹோட்டலுக்கு மாற்றுவார்களாம், ஆனால் பரிமாறுகிறவர் நம் கூடவே வந்துவிடுவாராம். கதிர் இதையெல்லாம் அரை மணி நேரம் விளக்கினான். ஸ்கூலில் ஒரு பாடத்தை இப்படிப் படித்திருந்தானா அவன்?

உங்கள் அண்ணாச்சி கேட்ட மாத்திரத்தில் முதல் பந்தி என்றுவிட்டார்கள். முதல் பந்தியில்தான் எல்லாம் சூடாக இருக்குமாம், வடை தீராதாம். கப்பலில் வடை ஏது? நான் காலண்டர் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினேன். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே 5.30 என்றால் செம்பூரில் மத்தியானம் 3 மணி. இதோ இப்போது குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்களே, இந்த நேரத்தில் எழுந்து சூப் குடித்து, ரொட்டி கடித்து, மூன்று சுற்று முடித்து எழுந்திருக்கணும். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “சரி, எட்டு மணி போடு” என்றார்கள். அது இங்கே 5.30, டீ நேரம். செய்தியைப் பார்த்துக்கொண்டு இவர்கள் சாப்பிடும் நம் ஊர் எட்டு மணிக்கு அங்கே மணி பத்தரை, ஹாலில் மேஜை துடைத்துக்கொண்டிருப்பார்கள். கப்பல் ஏறுவதற்கு முன்னால் சிங்கப்பூரில் கதிர் வீட்டில் தங்கத்தானே போகிறோம், அதற்குள் வயிறு பழகிவிடும் என்கிறாள் மருமகள் நிவேதா. அந்த வயிற்றை அவளுக்குத் தெரியாது.

முதல் பந்திக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டுவிடுமாம், சின்னப் படகில்தான் போய் வரணும். திரும்பும்போது எல்லாரும் ஒன்றாகப் படகுக்கு நிற்பார்கள். போதாததற்குக் கரையில் ஒரு நேரம், கப்பலில் ஒரு நேரம், தாய்லாந்து சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். அத்தான் கைக்கடிகாரத்தை எதற்கு வைப்பார்கள் சொல்லு. பந்தி தவறினால் மேல் தளத்தில் பஃபே இருக்கிறது, பட்டினி கிடையாது. ஆனால் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு இவர்கள் நிற்பார்களா?

இதோடு மாத்திரை. போட்டு அரை மணிக்குள் சாப்பாடு உள்ளே போகணும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சயான் ஸ்டேஷனில் நடந்தது உனக்குத் தெரியும், நீதானே மறுபக்கம் பிடித்துக்கொண்டாய். நேரம் குறித்த பந்தி என்றால் உட்கார்ந்ததும் ரொட்டிக் கூடை வந்துவிடும், மாத்திரையைக் கணக்குப் பண்ணிப் போடலாம். இஷ்டப்பட்ட நேரம் என்றால் ஏழு, ஏழரை மணிக்கு வாசலில் வரிசை நிற்குமாம். ஆப்பில் முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கலாம் என்கிறான் கதிர். ஏன்டா, நேரம் குறிப்பது என்றால் பந்தியே தேவலையே என்றேன். “அம்மா, அது ஃப்ளெக்ஸிபிள்மா” என்கிறான்.

முலுண்ட் பார்வதி போன வருஷம் இதே மாதிரி ஒரு கப்பலில் போய்வந்தாள். இஷ்டப்பட்ட நேரத்தைத்தான் வாங்கியிருந்தாள். தினம் ஒரு மேஜை, தினம் ஒரு புது முகம், ஒவ்வொரு ராத்திரியும் முதலிலிருந்து ஒப்பிக்கணும்: முட்டை வேண்டாம், மீன் சாஸ் வேண்டாம், கோழி வேகவைத்த தண்ணீரில் செய்த சூப் வேண்டாம். கூடப் போன அவள் நாத்தனார் இரண்டாம் பந்தி. முதல் நாள் தலைமைப் பரிசாரகரிடம் ஒரு தடவை சொன்னதோடு சரி. தினம் ராத்திரி எழுந்திருக்கும் முன்னால் மறுநாள் மெனுவைக் கொண்டுவந்து காட்டி, எது ஆகும், எது ஆகாது, தனியாக என்ன பண்ணிவைக்கட்டும் என்று கேட்பாராம். பரிமாறினவர் கோவாப் பையன். இரண்டாம் நாள் இந்தம்மா கேட்காமலே வெறும் சோறும் ஒரு கிண்ணம் புளிக்காத தயிரும் வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் நாள் அதோடு ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய், எங்கிருந்து பிடித்தானோ. பார்வதிக்கு அந்த ஊறுகாய் மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

இதெல்லாம் பார்த்தால் இரண்டாம் பந்தி என்று எழுதி அனுப்பவேண்டியதுதானே? நாடகமும் பாட்டும்கூட பந்திக்குத் தகுந்த மாதிரிதான் வைக்கிறார்களாம், ஒரு பந்தி சாப்பிடும்போது மற்றப் பந்திக்கு ஆட்டம். அதனால் ஒன்றும் தவறாது. அனுப்பியிருப்பேன் ஜெயா. ஒரே ஒரு சங்கடம். கோயம்புத்தூர்க்காரர்களும் வருகிறார்கள்.

சம்பந்தியம்மாள் நல்லவள். இதை நான் எழுதியது நினைவிருக்கட்டும், நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் நல்லவர்களோடு ஒரே வட்ட மேஜையில், தினம் அதே நாற்காலியில், ஒன்றரை மணி நேரம்! அவளுடைய டெக்சாஸ் மருமகன் கதை சூப்போடு ஆரம்பிக்கும், ஐஸ்கிரீம் வரும்போது அவர் மூன்றாவது வீடு வாங்கிக்கொண்டிருப்பார். நடுநடுவே, “நீங்க ஒண்ணுமே சாப்பிடலீங்களே” என்று என் தட்டைப் பார்ப்பாள். சாப்பிட்டால், “இந்த வயசுலயும் உங்களுக்கு நல்லா செரிக்குதுங்க” என்பாள். சம்பந்தி இன்னும் ஒரு படி மேல், வாயே திறக்காமல் அத்தான் எத்தனை இனிப்பு எடுக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார். கல்யாணத்தில் தாம்பூலப் பை விஷயத்துக்கு அப்புறம் நான் எவ்வளவு அடக்கி வாசிக்கிறேன் என்று உனக்குத் தெரியும். வேறு மேஜை கேட்டால் கொடுப்பார்களாம். கேட்டுவிட்டு அந்தம்மா முகத்தில் எப்படி முழிப்பது? இரண்டு ரூம் புக்கிங்கையும் சேர்க்காமல் விட்டால் தன்னாலே தனித்தனி மேஜை விழுந்துவிடும் என்று நிவேதாவே என்னிடம் ரகசியமாகச் சொன்னாள், பெற்ற பெண்! அவளுக்கும் டெக்சாஸ் கதை அலுத்துவிட்டது போலிருக்கிறது.

அதனால்தான் இஷ்டப்பட்ட நேரத்தின் மேல் எனக்கு ஒரு கண். “எனக்குப் பசிக்கலை, நீங்க எல்லாரும் போங்க, நான் அப்புறம் வரேன்.” சும்மா கண்ணாடி முன்னால் நின்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். இந்த வாக்கியத்தைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஒரு ராத்திரிகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமியார் இருந்தவரைக்கும் அவர்களுக்கு ஏழு மணி, கதிருக்கு டியூஷன் விட்டு வந்ததும், அத்தானுக்கு எட்டு. ஹார்பர் லைனில் வண்டி நின்று போனால் நமக்கு முதலில் எந்தக் கவலை வரும்? குக்கர்தானே. அடுப்பிலே கடிகாரத்தைக் கட்டித் தொங்கவிட்டு வாழ்ந்தாயிற்று. கடலுக்கு நடுவிலும் எட்டு மணிக்கு ஆஜராகணுமா என்று ஒரு வீம்பு.

இந்த வீம்போடுதான் இருந்தேன், வியாழக்கிழமை உன் தங்கை மகள் போன் பண்ணும் வரைக்கும்.

ஏட்டி, ராத்திரி நீ சாப்பிடுவதே இல்லையாமே? “பெரியம்மா பசிச்சா ஒரு டம்ளர் பால் குடிக்கிறாங்க, இல்லேன்னா அதுவும் இல்லை, கேட்டா எனக்கென்ன நேரமா காலமா, எப்ப தோணுதோ அப்ப சாப்பிட்டுக்கறேன்னு சொல்றாங்க” என்றாள். சங்கரன் அண்ணாச்சி இருந்தவரைக்கும் ஏழரைக்கு உன் வீட்டில் தோசைக்கல் ஏறிவிடும். அந்த நேரத்தில் போன் பண்ணினால் சொய்ங் என்கிற சத்தத்துக்கு நடுவில்தான் நீ பேசுவாய். இப்போது நான் எத்தனை மணிக்குப் பண்ணினாலும் உன் பக்கம் டிவி சத்தம்தான் கேட்கிறது. எனக்கு உறைக்கவில்லை பார்.

ஆபீஸில் ஒரு மணி ஆனால் ஜன்னல் ஓர மேஜை. நீ ஐந்து நிமிஷம் வரவில்லை என்றால் ஜோஷி பென் எழுந்து போய் உன் சீட்டைப் பார்த்துவிட்டு வருவாள். உன் அப்பா தவறி நீ திரும்பி வந்த முதல் நாள் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாய். அவள் ஒன்றும் பேசாமல் தேப்லா ரொட்டியைப் பிய்த்து உன் கையில் வைத்தாளே. வேளைக்கு வந்து உட்காருகிற இடம் ஒன்று இருந்ததால்தான் அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. நீ தனியாக எப்போது தோன்றுகிறதோ அப்போது சாப்பிட்டால், சாப்பிடாத நாள் யாருக்குத் தெரியும்? அரைப் பட்டினியோடு பிரஷர் மாத்திரை வேறு போடுகிறாய். எனக்குக் கோபம்தான் வருகிறது. அழுகையை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணினால் கண்டுகொள்ளாதே.

எனவே தீர்ப்பு. இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு நான் வீடியோ கால் பண்ணுவேன். நீ எடுக்கும்போது தட்டு உன் முன்னால் இருக்கணும். பால் டம்ளர் செல்லாது. தோசையோ, காலையில் வைத்த சொதியில் நாலு கரண்டி சோறோ, ஏதாவது ஒன்று. கப்பலில் இருக்கும்போது என்ன செய்வாய் என்று தப்பிக்கப் பார்க்காதே, அதையும் கணக்குப் பண்ணிவிட்டேன். உன் ஊர் எட்டு மணி எங்களுக்குப் பத்தரை. இரண்டாம் பந்தி ஒன்பதரைக்கு முடிந்துவிடும். டெக்சாஸ் கதை நீண்டால்கூடப் பத்து. கப்பல் வைஃபைக்குத் தனிக் காசாம், அதைக் கதிர் தலையில் கட்டியாகிவிட்டது.

ஆக, எட்டு மணிப் பந்தி என்று ஏறக்குறைய முடிவு. பினாங்கு நாள் மட்டும் யார் என்ன சொன்னாலும் நான் அந்த மேஜைக்குப் போகப் போவதில்லை. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம். குவீன் தெருவில் 1833இலேயே கட்டின மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. அத்தான் பெயரில் ஓர் அர்ச்சனை, அப்புறம் அங்கேயே இலை போட்டுச் சாப்பாடு. கப்பல் ராத்திரிதான் கிளம்புகிறது என்று அட்டவணையில் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் கோட் சூட் மாதிரி உடுத்திக்கொண்டு சாப்பிடணுமாம், பட்டு வேட்டி போதும் என்கிறான் கதிர். அத்தான் அதற்குள் வேட்டியை வெயிலில் போட்டாயிற்று.

மிச்சம் இருப்பது புக்கிங்கைச் சேர்ப்பதா, பிரித்து விடுவதா என்பதுதான். மதுரைச் சம்பந்திகளை நீ சமாளித்த சாமர்த்தியம் எனக்கு வராது. பிரித்துவிட்டு, கப்பல்காரன் போட்டது என்று கையை விரித்துவிடலாமா? இல்லை, ஊர் வாய்க்குப் பயந்து ஒரே மேஜையில் உட்கார்ந்து, நிவேதாவை அம்மா பக்கத்தில் தள்ளிவிட்டு நான் கதிர் பக்கத்தில் ஒதுங்கிவிடலாமா? செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லு. போனில் சொல்லாதே, வாட்ஸப்பில் போடு. “சேர்” அல்லது “பிரி” என்று ஒரு வார்த்தை போதும், அத்தான் எட்டிப் பார்த்தாலும் புரியாது.

மோர் மிளகாய் வற்றல் தீர்ந்துவிட்டது. தங்கை மகள் அடுத்த மாதம் தாணே வருகிறாளாமே, அவளிடம் கொடுத்துவிடு.

உன்,
செல்வி