அம்முவுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள அம்முவுக்கு,

கர்ப்பத்தில் உனக்கு வந்திருக்கும் சுகர் எப்படி இருக்கிறது என்று நேற்று போனில் கேட்டேன். "எல்லாம் நார்மல்பா" என்று சொல்லிவிட்டு, உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். முன்பெல்லாம் நான் கேட்கும் முன்பே வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்ட பிறகு இவ்வளவு என்று நீயே ஒப்பிப்பாய். இப்போது எண்ணே வருவதில்லை.

அந்த எண்களை நீ ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்ததைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு என்று சொன்னாய். பழம் தொட்ட கையைக் கழுவாமல் குத்தினால் எண் கூடுதலாகக் காட்டும் என்பதும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ்வளவு பொறுப்பாக இருந்தவள் இப்படி ஒளிக்கலாமா?

மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டார், நீ பல நாள் ராத்திரி சாப்பிடுவதில்லை என்று. அவரிடம் கோபித்துக்கொள்ளாதே. வீடியோவில் உன் கழுத்தெலும்பைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம்தான்.

வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே என்று டாக்டர் சொன்னது, நீ ஒழுங்காகச் சாப்பிட்டும் இருக்க வேண்டிய அளவு. பட்டினி கிடந்து நோட்டை அழகாக்கினால் அதைப் பார்த்து டாக்டரும் ஏமாந்துதானே போவார்? காலையில் காட்டும் சர்க்கரையில் ராத்திரி முழுக்கக் கல்லீரல் வெளியிட்டதும் சேர்ந்திருக்கிறது. சாப்பாட்டை விட்டு அதை அடக்க முடியாது. வயிறு காய்ந்தால் உடம்பு கொழுப்பைக் கரைக்கும், அதில் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் ஏறும், அது குழந்தைக்கும் போகும். அதனால் ராத்திரி சாப்பிடு. மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடு, கூடவே புரதம் இருக்கட்டும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் நட. ஆனால் சாப்பிடு.

இன்சுலின் போடச் சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறாயா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இன்சுலின் போட்டுக்கொண்ட உன் பெரியத்தையை நினைத்துக்கொள்கிறாய் போல. அம்மாடி, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். ஊசியில் போடும் இன்சுலின் அப்படிப் போவதில்லை. சர்க்கரை அதிகமாகப் போனால் குழந்தையின் கணையம் தானே கூடுதலாக இன்சுலின் சுரக்கும், குழந்தை அளவுக்கு மீறி வளரும், பிறக்கும்போது தோள் சிக்கிக்கொள்ளலாம். பிறந்ததும் உன்னிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், குழந்தையின் இன்சுலின் உடனே குறையாது. அதனால்தான் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுமோ என்று அந்தப் பிஞ்சுக் குதிகாலில் குத்திப் பார்க்கிறார்கள். அதற்கெல்லாம் இடம் கொடுக்காமல் இருக்கத்தான் ஊசி.

இந்தச் சுகர் வந்தது நீ செய்த தப்பு என்று இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால் அதை விடு. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. எல்லாக் கர்ப்பத்திலும் நடப்பதுதான், சிலருக்குக் கணையம் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. அதனால்தான் 24-லிருந்து 28 வாரத்துக்குள் எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனாலும் 6-லிருந்து 12 வாரத்துக்குள் மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும். பிள்ளையைப் பார்க்கிற மும்முரத்தில் நீ அதை விட்டுவிடுவாய், நான் ஞாபகப்படுத்துகிறேன்.

அம்மாவிடம் இதெல்லாம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் தூங்க மாட்டாள்.

அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காதே, நாளைக்கே டாக்டருக்குப் போன் செய். சாப்பாட்டை விட்ட நாட்களை மறைக்காமல் சொல். நோட்டிலும் எழுது, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பு. எண் என்னவாக இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ராத்திரி சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன்.

அப்பா