செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: எண்ணூர்க் கழிமுகத்தின் பூக்கும் தாவரங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோது, அதற்கு முன் அந்தக் கரையில் என்னென்ன செடிகள் நின்றன என்று காட்ட, உலர்த்திய செடியை ஒட்டித் தேதியிட்ட தாள் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இவ்வாண்டு கழிமுகத்தின் இயல் தாவரங்களைச் சேகரித்துப் பதிவு செய்தோம்.

கைப்பேசிப் படம் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. இனத்தைப் பிரித்தறிய மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையையும் சூலகத்தின் அமைப்பையும் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் ஐம்பது ஆண்டு கழித்தும் வேறொருவர் அதே செடியை எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். ஆகவே பூவும் காயும் உள்ள கிளையை நாளிதழ்த் தாளில் அழுத்தி உலர்த்தி, இடம், தேதி, சேகரிப்பு எண், காய்ந்தால் மாறிவிடும் பூவின் நிறம் ஆகியவற்றைப் பறித்த இடத்திலேயே குறித்தோம். கடற்கரை மணலில் படரும் அடும்பின் பூ பிற்பகலுக்குள் வாடிவிடும் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. உவர்நிலத்தில் வளரும் சதைப்பற்றுள்ள உமரிச் செடியோ பலகைக்குள் வைத்து இறுக்கியும் காயவில்லை. கொதிநீரில் முக்கியெடுத்த பிறகே வழிக்கு வந்தது. ஐப்பசி மழையில் தாள் மாற்றத் தவறியதால் ஆறு மாதிரிகள் பூசணம் பிடித்து வீணாயின, அப்பிழை என்னுடையது.

அடும்பின் பிளவுபட்ட இலையைக் குறுந்தொகை மானடிக்கு ஒப்பிடுகிறது. 1753-இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு ஆட்டின் பாதம் என்று பொருள்படும் இலத்தீன் பெயரை வைத்தார். குளம்பு என்ற அளவில் இருவருக்கும் பிணக்கில்லை.

இனங்காண, 1915 முதல் 1936 வரை வெளிவந்த தாவரவியலாளர் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலில் உள்ள திறவுகோலையே பின்பற்றினோம். இலை எதிரெதிராக உள்ளதா, மாறி மாறி உள்ளதா என்பது போன்ற இரண்டிரண்டு வாய்ப்புகளில் ஒன்றைத் தள்ளிக்கொண்டே போனால் இறுதியில் ஒரு பெயரில் வந்து நிற்கலாம். ஆனால் குடும்பப் பெயர்களை அதிலிருந்து அப்படியே எடுக்க இயலாது. அன்று தேக்கும் நொச்சியும் இருந்த குடும்பத்தில் வைக்கப்பட்ட வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம், மரபணு ஒப்பீட்டுக்குப் பின் இன்று கனகாம்பரத்தின் குடும்பத்தில் இருக்கிறது. காசிமேட்டில் முழம் போட்டு விற்கும் பூவுக்கும், சேற்றில் மூச்சுவேர் நீட்டி நிற்கும் கண்டலுக்கும் உறவு என்பதை உறுப்பினர்கள் ஏற்க இரண்டு கூட்டங்கள் பிடித்தன.

சீமைக்கருவேலமும் வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்பதால் தனிப்பட்டியலில் சேர்த்துள்ளோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். ஐயத்துக்குரிய தாள்களைக் கோயம்புத்தூரிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகத்தின் தாள்களோடு ஒப்பிட அனுமதி கேட்டு எழுத உள்ளோம். அடுத்த மழைக்காலத்துக்குள் வீட்டிலுள்ள பழைய நாளிதழ்களை, வழவழப்பான இணைப்பிதழ்களை நீக்கிவிட்டு, கொண்டுவந்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்