அண்ணனுக்கு, விண்ணப்பம் போட்ட பிறகு

அண்ணே,

இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வுக்கு நேத்து ராத்திரி விண்ணப்பம் போட்டுட்டேன். மெரைன் இன்ஜினியரிங் இல்ல, பி.எஸ்சி. நாட்டிக்கல் சயின்ஸ், கப்பலை ஓட்டுற அதிகாரி ஆகுற படிப்பு. நீ ஆசைப்பட்ட அதே படிப்பு. போன்ல நீ பேச விடல, அதான் இங்க எழுதுறேன்.

இந்தப் படிப்புக்கு நீ கண் டெஸ்ட்டுக்குப் போன அந்த டாக்டர் ரூம் ஞாபகம் போகவே மாட்டேங்குது. புள்ளிப் புள்ளியா இருந்த அந்தப் புத்தகத்துல முதல் பக்கம் 12. அது எல்லாருக்குமே தெரியுற பக்கம். சத்தமா வாசிச்சே. சில பக்கம் தள்ளி, அதே தெம்போட '21'ன்னே. பின்னால ஸ்டூல்ல உக்காந்திருந்த நான் '74'ன்னுட்டேன். நீ திரும்பிப் பாத்தே பாரு, ஒரு பார்வை. அதுக்கு மன்னிச்சுரு அண்ணே. ஆனா நான் வாயை மூடிட்டு இருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதவங்களுக்கு அந்தப் பக்கம் 21-ஆத்தான் தெரியும்னு டாக்டருக்குத் தெரியாதா?

ராத்திரியில கப்பலோட இடப்பக்கம் சிவப்பு லைட்டு, வலப்பக்கம் பச்சை லைட்டு, ரெண்டும் சேர்ந்து தெரிஞ்சா எதிர்க்கப்பல் நேரா நம்ம மேல வருது, உடனே வலப்பக்கம் திருப்பணும். எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். தூத்துக்குடி பீச் ரோட்டுல ராத்திரி நின்னுக்கிட்டு "அந்த லைட்டு என்ன கலரு, சொல்லு"ன்னு கேப்பே. எனக்குப் பரீட்சை வைக்கிறேன்னு நெனச்சேன். அப்பவே உனக்குச் சந்தேகம் இருந்துச்சா அண்ணே?

இந்தச் சிவப்பு-பச்சை தெரியாதது அம்மா வழியா மகனுக்கு வர்ற குறை. அதை வச்சு அம்மாவை யார் என்ன சொன்னாங்கன்னு இங்க எழுத மாட்டேன், சொந்தக்காரங்களும் படிப்பாங்க. அதுல யார் தப்பும் இல்லைங்கிறதை மட்டும் எல்லாரும் படிக்கட்டும்.

ஆனா ஒண்ணு கேக்கணும். இயற்பியல், வேதியியல், கணிதம் மூணும் சேர்த்து 60 சதவீதம் வேணும்னு முழிச்சுக் கிடந்து படிச்சேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் கப்பலு"ன்னு வீட்டுக்கு வந்தவங்க சொன்னப்ப நீ ஒரு வார்த்தை கேப்பேன்னு பாத்தேன். டிவி சத்தத்தைக் கூட்டிட்டே. உன் இடத்தை நான் பிடுங்கலையே! நீ போக முடியாத இடத்துக்கு நானும் போகக்கூடாதுன்னா, அது என்ன நியாயம்?

இப்படிக் கேட்டதும் எனக்கே மனசு தாங்கல. நாலு வருஷமா அப்பாவோட கடைக் கணக்கைப் பாத்து, என் பள்ளிக்கூட பீஸையும் கட்டினது நீ. அதை நான் மறக்கல, இந்த விண்ணப்பப் பணமும் நீ தந்ததுலேர்ந்துதான்.

பரண்ல இருந்த உன் நுழைவுத்தேர்வு புத்தகத்தைக் கேக்காம எடுத்துட்டேன். கோபம்னா திட்டிக்கோ. ஆனா வெக்டர் கணக்குக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு குறுக்குவழி போட்டு வச்சிருக்கியே, அது எனக்குப் புரியல. ஞாயித்துக்கிழமை கடை அடைச்சதும் வந்து சொல்லிக்குடு.

உன் தங்கச்சி